ஆற்றுக்கு ஒட்டிய நீலம்

பசை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. மைதாவைக் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், போடாவிட்டால் ஆறு மாதத்தில் பூச்சி வந்து காகிதத்தைத் தின்றுவிடும். போட்டேனா? போட்டேன், விரல் நுனியில் நீலம் ஒட்டியிருக்கிறது. அவர் பத்து மணிக்கு முடிவெட்டப் போனார். கடையில் ஆளே இல்லாவிட்டாலும் அங்கே கிடக்கும் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார், பன்னிரண்டு ஆகும். அதற்குள் இந்த மேல்பூச்சை முடித்துவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குக் காய்ந்துவிடும். சாப்பாட்டு மேசையில் பாதி இடம் படத்துக்குப் போய்விட்டது, நாங்கள் இருவரும் மூன்று வாரமாக மீதிப் பாதியில் ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மகள் நித்திலா ஓசூரில் வீடு கட்டிக் குடி போயிருக்கிறாள், அவள் கூடத்தில் மாட்டுவதற்கு. காவிரிப் பாலம், பின்னால் மலைக்கோட்டை, ஆடிமாத வெள்ளம். எல்லாம் வீட்டில் கிடந்ததுதான். மலைக்கு டீ டிகாஷனில் ஊறப்போட்டுக் கசக்கிய செய்தித்தாள், பாலத்துக்குத் தீக்குச்சி, படித்துறைக்கு முட்டை ஓடு, படியில் காயும் புடவைகளுக்கு என் பழைய ரவிக்கைகளின் துண்டு. ஆறுதான் கஷ்டம். ஆற்றுக்கு ஒரே நீலம் போட்டால் தார்ப்பாய் விரித்த மாதிரி இருக்கிறது. பத்து நீலமாவது வேண்டும். ஊதுபத்திப் பெட்டியின் நீலம், துணிக்கடைப் பையின் நீலம், நித்திலாவின் பழைய நோட்டு அட்டை, ஒரு ஜவ்வரிசிப் பொட்டலம். ஒவ்வொன்றையும் அலை அலையாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டியிருக்கிறேன். இப்போது தண்ணீர் விட்டு இளக்கிய பசையை மேலே ஒரு கை பூசினால் எதுவும் உரியாமல் இறுகிவிடும். பிரஷ் பாலத்தைக் கடந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. ஈரம் பட்டதும் காகிதம் இருண்டு, பிறகு மெல்ல உள்ளே தெரிய ஆரம்பிக்கும், அது எனக்குப் பிடிக்கும். ஆற்றின் நடுவில், கொஞ்சம் வெளிறிய ஒரு நீலத்துக்குள்ளிருந்து எழுத்துகள் மேலே வருகின்றன.

ஏதோ பழைய இன்லேண்ட் கடிதம். பின்பக்கம் எழுதியிருந்ததைக் கவனிக்காமல் ஒட்டியிருக்கிறேன். ஒட்டினால் என்ன, அழகாகத்தான் இருக்கிறது. பட்டாணி அளவு பெரிய எழுத்து, கறுப்பு மை, திரும்பித் தெரிகிறது, கண்ணாடியில் பார்ப்பது போல. யார் இவ்வளவு பெரிதாக எழுதுவார்கள். குனிந்து பார்க்கிறேன். எல்லா எழுத்தும் திரும்பியிருக்க ஒரே ஒரு எழுத்து மட்டும் நேராக நிற்கிறது. ழ. மழை என்ற சொல்லின் ழ. அதை எப்போதும் திருப்பிப் போட்டு எழுதியவர் ஒருவர்தான். என் மாமியார் பாக்கியத்தம்மாள். பிரஷிலிருந்து பசை சொட்டி முட்டை ஓட்டின்மேல் விழுகிறது, துடைக்க வேண்டும், துடைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவர். பகலெல்லாம் வயல் வேலை, சாயங்காலம் சிலேட்டு. அந்த வருஷம் இவருக்கு ரயில்வே பணிமனையில் ஹூப்ளிக்கு மாற்றல். அங்கே போய் மூன்றாவது மாதம் இந்தக் கடிதம் வந்தது. முதல் கடிதம். அடுத்த தையில் அம்மா போய்விட்டார், ஆகவே கடைசியும். அன்பு மகன் தாயுமானவனுக்கு அம்மா எழுதுவது, மழை பெய்தது, கன்னுக்குட்டி நல்லா இருக்கு, நீ நேரத்துக்குச் சாப்பிடு. அவ்வளவுதான். அதை எழுத ஒரு வாரம் ஆனதாம். ஒவ்வொரு வருஷமும் திதியன்று இவர் பீரோவிலிருந்து அதை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்துவிட்டு மறுபடி வைப்பார். உட்கார்ந்து படிக்க மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கடிதம் பீரோவில்தான் இருக்கிறது. இது வேறு. வேறு எப்படி இருக்கும்? அம்மா அந்த ஒன்றைத்தானே எழுதினார். இல்லை, பழகிப் பார்ப்பதற்காக இன்னொன்றில் எழுதியிருப்பார், அது எப்படியோ பழைய காகிதங்களோடு வந்திருக்கும், அது என் அட்டைப்பெட்டியில் கிடந்திருக்கும், நான் எடுத்திருப்பேன். அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். பீரோவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் கால் நகர மாட்டேன் என்கிறது.

சாவி சுவாமி படத்துக்குப் பின்னால். லாக்கரில் இவருடைய பள்ளிச் சான்றிதழ், எங்கள் கல்யாணப் புகைப்படத்தின் நெகடிவ், நித்திலாவின் முதல் பல், அப்புறம் அந்த பிளாஸ்டிக் உறை. உறை இருக்கிறது. கை விட்டுப் பார்க்கிறேன், கண்ணாடி போன்ற உறைக்குள் ஒன்றுமில்லை என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் கை விட்டுத் துழாவுகிறேன். உறையின் பித்தான் மூடி ஒழுங்காக அழுத்தப்பட்டிருந்தது. எடுத்தவர் நிதானமாக எடுத்து, நிதானமாக மூடியிருக்கிறார். நான்தான். வேறு யார். படத்தில் இருக்கிற வெட்டைப் பார்த்தாலே தெரியும், நான் இடதுகைக்காரி, என் கத்தரிக்கோலில் எல்லா அலையும் ஒரே பக்கம்தான் சாயும். இவ்வளவும் தெரிகிறது, அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை. நேற்று என்ன செய்தேன்? காலையில் கீரை ஆய்ந்தேன். கீரையில் ஒரு நத்தை இருந்தது, அதை மாடியிலிருந்து போடாமல் கீழே இறங்கிப் போய் செடியில் விட்டேன். அது இருக்கிறது, நத்தையின் கொம்புகூட இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டோம். அப்புறம் மேசையில் உட்கார்ந்தேன். ஊதுபத்திப் பெட்டியைப் பிரித்தேன். அப்புறம் விளக்குப் போட்டோம். நடுவில் சாயங்காலம் ஒன்று இருந்திருக்க வேண்டுமே. அந்த இடத்தில் கை வைத்தால் இருட்டாகக்கூட இல்லை, அந்த இடமே இல்லை, இரண்டு பக்கத்தையும் ஓரம் தெரியாமல் சேர்த்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. நான் எவ்வளவு நன்றாக ஒட்டுகிறேன். முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவள் நான். நம்பர் புத்தகத்தைத் திறக்காத ஆப்பரேட்டர் என்று சூப்பர்வைசரே சொல்லுவார். மார்க்கெட் வெங்காய மண்டி, இரண்டு மூன்று ஒன்று எட்டு. கலெக்டர் பங்களா. தஞ்சாவூர் நர்சிங் ஹோம், மூன்று பூஜ்யம் ஏழு. லால்குடி ரைஸ் மில், நான்கு இரண்டு. எல்லாம் வருகின்றன, கேட்காமலே வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த மில்லும் இல்லை, அந்த நம்பரும் இல்லை. வேண்டாததெல்லாம் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் எங்கே இருந்தேன்?

அக்காவுக்கும் இப்படித்தான். வேண்டாம், அக்காவை நினைக்க வேண்டாம். மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து பசைக் கிண்ணத்தில் ஆடை படியாமல் கிளறுகிறேன். கும்பகோணத்தில் அக்கா அமிர்தவல்லி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முதலில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். எல்லோரும்தான் இரண்டு தடவை கேட்கிறோம். அப்புறம் ரசத்தில் சர்க்கரை. அதற்கும் சிரித்தோம். அப்புறம் ஒரே துண்டை மடிப்பாள், பிரிப்பாள், மடிப்பாள். ஒரு நாள் தெருவில் இறங்கி மகாமகக் குளம் வரை போய்விட்டாள், அதிலிருந்து மருமகள் அவள் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்துவிட்டாள். மருமகளைக் குறை சொல்ல முடியாது, வேலைக்குப் போகிறவள். நான் போயிருந்தபோது அந்தத் தாழ்ப்பாளை நானே நகர்த்தித் திறந்தேன். புதுத் தாழ்ப்பாள், வழவழவென்று போனது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தலை வாரிப் பொட்டு வைத்து. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக, நீங்க யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டாள். உங்க வீட்டுப் பொண்ணுதான் என்றேன். அப்படியா என்று சந்தோஷப்பட்டாள். அப்போது அக்காவைப் பார்த்த டாக்டரிடம் வெளியே வந்து கேட்டேன், இது கூடப் பிறந்தவர்களுக்கும் வருமா என்று. வரணும்னு கட்டாயம் இல்லம்மா என்றார். கட்டாயம் இல்லை. நாலு வருஷமாக அந்த வார்த்தையை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில், அடுப்பு முன்னால், குளிக்கும்போது. கட்டாயம் இல்லை என்றால் வராது என்றா அர்த்தம்? வந்தாலும் வரும் என்று அர்த்தம். வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். வந்தவர்களுக்கு வந்தது தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். அக்காவுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் அந்தக் கல்யாணத்தில் இரண்டாவது தடவை கேட்டதும் என் முகத்தை அப்படிப் பார்த்தாளா? பார்த்தாள். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கேட்டுவிட்டு என் முகத்தைத் தேடினாள், தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா என்பது போல. நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடிக்கிறது. நித்திலா. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன். குரல் சரியாக இருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் பேரிடம் பேசிய குரல், அது எனக்குச் சொன்னபடி கேட்கும். அப்பா எங்கே, சாப்பிட்டாச்சா, அங்கே மழையா என்று கேட்டாள், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன், சரியாகச் சொல்கிறேனா என்று ஒவ்வொரு பதிலையும் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். படம் முடிந்துவிட்டதா என்றாள். மேல்பூச்சுப் பூசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்போது அவள் சொன்னாள்.

"ஆறு இப்ப சரியா வந்துருச்சாம்மா? நேத்து சொன்னியே, பீரோவுல தேடினப்ப நல்ல நீலம் ஒண்ணு கிடைச்சுதுன்னு. அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

வந்துருச்சு என்றேன். என்னமோ சொன்னேன். அடுப்பில் குக்கர் என்றேன், அடுப்பில் ஒன்றுமில்லை. வைத்துவிட்டு போனில் தேடினேன், வந்த அழைப்பு, போன அழைப்பு, எல்லாம் வரிசையாக இருக்கிறது. நேற்று, மாலை நாலு பன்னிரண்டு, நித்திலா, பதினோரு நிமிஷம். நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். பதினோரு நிமிஷம் நான் பேசியிருக்கிறேன், சிரித்திருப்பேன், நீலம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் எங்கே? எனக்கு வந்த சந்தோஷம்தானே. யாரோ ஒருத்தி இந்த வீட்டில் என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் இடது கையால் என் கத்தரிக்கோலை எடுத்து, என் மகளிடம் என் குரலில் பேசிவிட்டு, சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். திரும்ப வருவாள். அடுத்த தடவை வரும்போது எதை எடுப்பாள்? நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். உள்ளங்கையில் பசை, நாற்காலியோடு ஒட்டுகிறது. பயப்படும்போது எனக்கு வாயில் துத்தநாக ருசி வரும், சின்ன வயதிலிருந்தே. இப்போது வருகிறது. மயில்துத்தம் பட்ட விரலை வாயில் வைத்துவிட்டேனா? இல்லை. வைத்திருந்தால் தெரியுமா? மெதுவாக. ஒவ்வொன்றாக. என் பெயர் மங்கையர்க்கரசி. இது திருச்சி. கே.கே. நகர். இரண்டாவது மாடி. அவர் முடிவெட்டப் போயிருக்கிறார். இப்போது மணி பதினொன்று நாற்பது.

பதினொன்று நாற்பது. அவர் வந்துவிடுவார். அதை முதலில் யோசி. ஈரமாகத்தானே இருக்கிறது, உரித்துவிடலாம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அந்த நீலத்தின்மேல் வைத்து அழுத்துகிறேன். ஐம்பது எண்ணுகிறேன். ஓரத்தை நகத்தால் தூக்குகிறேன், வருகிறது, வருகிறது, ஒரு விரல் அகலம் வந்ததும் கிழிந்துவிட்டது. கன்னுக்குட்டியின் கன் என் நகத்தில் இருக்கிறது. மீதி அடியில் ஒட்டிக்கொண்டது. முப்பத்துமூன்று வருஷக் காகிதம், இதற்குமேல் தொட்டால் கூழாகிவிடும். அந்தத் துணுக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அதே இடத்தில் வைத்து விரலால் நீவிவிடுகிறேன். சரி, மறைத்துவிடலாம். ஜவ்வரிசிப் பொட்டலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஒரே ஒரு அலை மேலே ஒட்டினால் போதும். கடிதம் எங்கே என்று அவர் அடுத்த திதிக்குத்தான் தேடுவார். தேடட்டும், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன், வீடு பூரா. பூச்சி அரித்திருக்கும் என்று சொல்லலாம். வெள்ளையடிக்க வந்த ஆள் எடுத்திருப்பார் என்று சொல்லலாம். ஐயோ, அந்த ஆள் எவ்வளவு நல்லவர், பழைய செய்தித்தாளைக்கூடக் கேட்டு எடுத்துப்போனவர். அடுத்த திதிக்கு எனக்கு இது ஞாபகம் இருக்குமா? அவர் தேடும்போது நான் உண்மையாகவே தெரியாமல் நின்றுகொண்டிருப்பேனா? அப்படியானால் அது பொய்கூட இல்லை. ஜவ்வரிசிப் பொட்டலத்தை எடுத்தேன், அலை வெட்டினேன். நல்ல அலை. பின்பக்கம் பசை தடவினேன். ஆற்றுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தேன், அடியில் அந்த எழுத்துகள் ஈரத்தில் இன்னும் தெளிவாகிவிட்டன. சாப்பிடு என்பதில் டுவைப் பெரிதாகப் போட்டுச் சுழித்திருக்கிறார், எழுதி முடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில். என் கை அப்படியே நிற்கிறது. கோபம் வந்தால் கத்த மாட்டார், அதுதான் பயம். வந்தால் பேசாமல் இருப்பார். ஒரு தடவை அவருடைய பழைய டிராயிங் ஒன்றை மாவு சலிக்க விரித்துவிட்டேன், மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளைப் போல முப்பது இருந்தாலும் இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அவர் கேட்பார். ஏன் எடுத்தே என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வேன்? எடுத்தது நான் இல்லை என்று சொல்வதா, எடுத்தது எனக்குத் தெரியாது என்று சொல்வதா? இரண்டாவதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது. அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். மாடிப்படியில் செருப்புச் சத்தம். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நிற்பார், முட்டி வலி. நின்றுவிட்டது. வருகிறது. அலையில் தடவிய பசை காய்ந்து என் விரலோடு ஒட்டிவிட்டது.

கதவைத் தானே திறந்துகொண்டு வந்தார். முடிவெட்டினால் காது இரண்டும் பெரிதாகிவிடும் அவருக்கு, பின்கழுத்தில் பவுடர். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே மேசைப் பக்கம் வந்தவர் நின்றார். மேசையில் வெந்நீர்க் கிண்ணம், துணி, பீரோச் சாவி, காலி உறை. நான் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. குனிந்து ஆற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நின்றபடியேதான். நான் அவருடைய பின்கழுத்தில் இருந்த பவுடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அப்புறம் நிமிர்ந்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"நான்தானே எடுத்துக் குடுத்தேன். நீலம் வேணும்னு கேட்டியே. பீரோவுல கிடந்து என்ன ஆகப்போகுது."

அந்த நிமிஷம் எனக்குள் எல்லாம் அவிழ்ந்துவிட்டது. அவர் கொடுத்தாரா! கொடுத்திருப்பார், நான் வாங்கியிருப்பேன், அதை மறப்பது பெரிய விஷயமில்லை, யாரும் மறப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மூச்சு முழுசாக இழுத்தேன். அந்த மூச்சு உள்ளே போய்த் திரும்புவதற்குள் நித்திலாவின் குரல் வந்து நின்றது. பீரோவில் தேடியபோது கிடைத்தது. தேடினேன், கிடைத்தது. கொடுத்தார் இல்லை. அதைவிட, அவர் சொன்ன விதம். இந்த மனிதர் நாற்பது வருஷத்தில் என்னிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. உப்பு இல்லை என்றால் உப்பு இல்லை என்பார். அக்காவின் அறையில் நான் பேசிய குரல் இது. உங்க வீட்டுப் பொண்ணுதான் என்று சொன்னேனே, அதே குரல். கடிதத்தைப் பார்த்து அவர் அதிர்ச்சி அடையவில்லை. கடிதம் போனதைவிடப் பெரிதான ஒன்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

என்ன தெரியும் என்று கேட்டார். நான் காலி உறையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் துணியை எடுத்தார், மடித்தார், வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சித்திரையிலேருந்து."

ஏழு மாசம். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சொல்லச் சொல்ல நான் யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பது போல் கேட்டேன். சித்திரையில் ஒரு நாள் தயிர் வாங்கப் போன நான் ஒரு மணி நேரமாகத் திரும்பவில்லை. தேடிக்கொண்டு வந்தவர், அடுத்த தெருவில் ஒரு வீட்டு கேட்டில் நான் எங்கள் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவரைப் பார்த்ததும் நான் சிரித்து, வாடகைக்கு வீடு இருக்கா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேனாம். அன்றிலிருந்து நான் வெளியே போகும்போதெல்லாம் அவர் பாதித் தெரு இடைவெளி விட்டுப் பின்னால் வருகிறார். கோயிலுக்கு, கீரைக்கு, தையல்கடைக்கு. எனக்குத் தெரியாது. அந்த முட்டி வலியோடு. மருந்துக்கடைக்குப் போகிறேன், நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னதெல்லாம் அதுதான். இன்றைக்கு முடிவெட்டப் போனபோதும் கீழ்வீட்டு ஜெபமணி டீச்சரிடம் படிக்கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். டீச்சருக்கும் தெரியும். நேற்று நான் நத்தையைக் கொண்டுபோய்ச் செடியில் விட்டபோது டீச்சர் சன்னலில் நின்று கை காட்டினாரே, அன்பாக என்று நினைத்தேன். முகமெல்லாம் எரிந்தது எனக்கு. ஒரு டாக்டரையும் போய்ப் பார்த்திருக்கிறார், தனியாக. அவங்களைக் கூட்டிட்டு வாங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல, அதான் என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பயந்துருவேன்னு." அப்புறம், "எனக்கே பயமா இருந்துச்சு மங்கை. சொல்லிட்டா நெசமாயிரும்ல."

கீழே தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். அவன் குரல் தெருக்கோடி போய்த் தேய்ந்தது. நான் காலையிலிருந்து பயந்த பயமெல்லாம் இவர் ஏழு மாசமாகப் பயந்திருக்கிறார், ஒரே மேசையின் பாதியில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டபடி. அதை நினைக்க ஆறுதலாக இல்லை. இன்னும் குளிர்ந்தது. அப்படியானால் இந்த ஏழு மாசத்தில் நான் பார்த்தது எது, இவர் எனக்காகச் சரிசெய்து வைத்தது எது? நான் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்த நாட்களெல்லாம் இவர் எனக்கு முன்னால் போய்த் துடைத்து வைத்த நாட்களா? அந்த நல்ல மனது எனக்கு அக்காவின் அறைத் தாழ்ப்பாளைவிடப் பயமாக இருந்தது. தாழ்ப்பாளாவது கண்ணுக்குத் தெரியும்.

"டாக்டர்கிட்ட போவோம்," என்றேன். "எங்கே போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. நான் செஞ்சதை இனிமே நீங்க செஞ்சதா சொல்லக் கூடாது. நான் கேட்டா உள்ளதைச் சொல்லணும். நீங்களும் பொய் சொன்னா எனக்குப் பிடிச்சுக்க எதுவும் இல்லை."

அவர் தலையசைத்தார். அது போதாது, வாயால் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். கடிதத்தைப் பற்றி, போனா போகுது, அம்மா எழுதினது எனக்கு மனப்பாடம் என்றார். சொல்லிவிட்டு என் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை அவர் மறைக்கவில்லை, அதற்காக நன்றி. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், ஞாபகமே இல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. படத்தைத் திருப்புங்கள் என்றேன். இரண்டு பேருமாக ஓரத்தைப் பிடித்து, ஈரம் ஒட்டாமல் இருக்க நாலு மூலைக்கும் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் படத்தை வைத்தோம். வெறும் அட்டை, ஒரு துணிக்கடைப் பெட்டியின் பின்பக்கம். பென்சிலை அவர் கையில் கொடுத்தேன். பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் படம் வரைந்த கை, அச்சு மாதிரி எழுதும். என்ன எழுத என்றார். ஆற்றின் நடுவில் உள்ள நீலம் பாக்கியத்தம்மாள் மகனுக்கு எழுதிய கடிதம் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். வெட்டி ஒட்டியது மங்கையர்க்கரசி. எழுதினார். வெட்டியது அவளுக்கு ஞாபகம் இல்லை. பென்சிலைத் தூக்கிவிட்டார். அது எதற்கு, பிள்ளை வீட்டில் மாட்டுகிற படம் என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக, அவருடைய அம்மா எழுதியிருக்கக்கூடிய வேகத்தில்.

தேதி போடாமல் அவர் எந்தப் படத்தையும் முடித்ததில்லை. கை தானாக வலது மூலைக்குப் போனது. தானாகவே வாயும் கேட்டுவிட்டது.

"இன்னிக்கு என்ன தேதி?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை, அவ்வளவு உறுதியாக இருந்தது. "பதினாலு," என்றேன்.

பென்சில் முனை அட்டையைத் தொடவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு என்று எழுதிவிடலாம். ஒரு படத்தின் பின்பக்கத்தில் இருக்கும் தேதியால் யாருக்கு என்ன நஷ்டம். அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள், சொல்லாதீர்கள், சொல்லிவிடுங்கள்.

"இல்ல மங்கை," என்றார். கனிவெல்லாம் இல்லை, உப்பு இல்லை என்று சொல்வாரே, அந்தக் குரல். "பத்தொம்பது."

ஐந்து நாள். கால் தரையில் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"அதையே போடுங்க," என்றேன்.